ஒரே ஊதலில் நெட்டில்

ஆல்வின்,

நம் நாய்க்குட்டி நெட்டில் விசிலுக்கு உட்கார்ந்துவிட்டாள்! காலையில் கோதுமை வயல் ஓரமாக அவளைக் கூட்டிப் போனேன். காலடியிலிருந்து ஒரு முயல் பிய்த்துக்கொண்டு ஓடியது, இவளும் பாய்ந்தாள். போச்சு என்றுதான் நினைத்தேன். விசிலை ஒரே ஒரு தடவை ஊதினேன். ஓடிய வேகத்திலேயே சறுக்கி உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்! உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஆனால் அசையவில்லை.

“பத்து மாசத்துலயே காது செவிடு. வேட்டைக்குக் கூட்டிப் போக லாயக்கில்ல. பக்கத்துப் பண்ணை காவின் வீட்டுல சும்மா வளரட்டும்” என்று நேற்று கத்தினாயே! செவிடு இல்லை, வயசுக் கோளாறு. நீ விடாமல் ஊதி ஊதி விசிலுக்கே மதிப்பில்லாமல் செய்துவிட்டாய். இனி ஒரு தடவைதான் ஊத வேண்டும். கேட்காவிட்டால் நடந்துபோய்ப் பிடித்து, ஊதியபோது அவள் நின்ற இடத்துக்கே கூட்டி வா.

நான் ஆட்டுச் சந்தைக்குப் போகிறேன். அடுப்பில் சூப் இருக்கிறது. ராத்திரி கோபத்தில் சாப்பிடாமல் படுத்தாய், மிச்சம் வைக்காதே.

மதியம் காவின் வருவார். டீ கொடு, பிஸ்கட் கொடு. நாயைக் கொடுக்காதே.

ஹெஸ்டர்

பி.கு.: அவர் முகத்தைப் பார்த்ததும் நீ இளகிவிடுவாய். அதனால் கூண்டுச் சாவி என் கோட்டுப் பையில் என்னோடு வருகிறது.