பள்ளிக்கூட கேட்டில் அம்மா வைத்த கடை

4 ஜூலை 2011, திங்கள்

கடைசி வகுப்பு முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கரஸ்பாண்டென்ட் கூப்பிடுகிறார் என்றார்கள். கரஸ்பாண்டென்ட் என்றால் ராஜ்கமல்தான். செம்மண்டலத்தில் எங்கள் தெருக்காரன், பத்தாவது வரை என்னோடு படித்தவன். இப்போது சிதம்பரத்தில் நான் டீச்சராக இருக்கும் இந்தப் பள்ளியை நடத்துகிறான். மற்றவர்கள் எதிரில் 'சார்' என்பேன். தனியாக இருந்தால் பழைய 'நீ'தான்.

"ஆண்டு மலருக்கு ஒன்னு எழுதணும் அருளு. நாம படிச்ச பள்ளிக்கூடம், கடைங்க, அதெல்லாம். எனக்கு எதுவும் சரியா ஞாவகம் இல்ல. நீ சொல்லேன்."

என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. உட்கார்ந்து பேசிவிட்டேன். வாடகை சைக்கிள் கடை, ரேஷன் வரிசையில் ஆளுக்குப் பதில் வைக்கும் செங்கல், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் மூன்றாம் வகுப்பு. அப்புறம் அம்மாவின் கடை. கடை என்றால் பள்ளி கேட் ஓரம் விரித்த சாக்கும் ஒரு கூடையும்தான். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேகவைத்த வேர்க்கடலை, மாங்காய்ப் பத்தை, இலந்தை வடை. அப்பா கம்பெனியில் அடிபட்டுப் படுத்திருந்த வருஷங்களில் அந்தக் கூடைதான் எங்களுக்குச் சோறு போட்டது.

ஒருநாள் ஒருவர் கூடையை உதைத்துத் தள்ளியதையும் சொன்னேன். எல்லாம் சாக்கடையோரம் சிதறியது. மணி அடித்தும் வகுப்புக்குப் போகாமல் நான் அம்மாவோடு பொறுக்கினேன். உதைத்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ராஜ்கமலின் அப்பா வைத்திலிங்கம்தான். எதிரில் இருந்த அவருடைய மளிகைக்கடை வியாபாரத்தை எங்கள் கூடை கெடுக்கிறதாம். செத்துப்போன மனுஷன். அவன் அப்போது சின்னப் பையன், தெரிந்திருக்காது. எதற்குச் சங்கடம்?

19 ஜூலை

இன்றும் கேட்டான். போனில் பதிவு செய்துகொள்கிறான். கூடையைத் தலையில் ஏற்றும்போது அம்மா ஏதாவது சொல்வாளா என்றான். "காலியா திருப்பி அனுப்பு தாயே" என்பாள் என்றேன். வரும் வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது.

27 செப்டம்பர்

ராஜ்கமல் எங்கள் வார்டில் கவுன்சிலருக்கு நிற்கிறான். ஆண்டு மலர் பேச்சே இல்லை. அம்மாவுக்கு சந்தோஷம். "நம்ம தெரு புள்ளம்மா," என்கிறாள்.

2 அக்டோபர், ஞாயிறு

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

தெருமுக்கில் தேர்தல் கூட்டம் போட்டிருந்தார்கள். அம்மாவும் நானும் முன்வரிசை. ராஜ்கமல் மைக்கைத் தட்டிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "இந்தப் பள்ளிக்கூட கேட்டாண்ட எங்கம்மா மல்லாட்டை வித்தாங்க. கூடையத் தூக்கும்போது, காலியா திருப்பி அனுப்பு தாயேன்னு சொல்லுவாங்க. ஒருநாள் அந்தக் கூடைய உதைச்சித் தள்ளுனாங்க. நான் என் கையால பொறுக்குனேன்."

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். என் பக்கத்தில் இருந்த ஜான்சி, எங்களோடு படித்தவள், என் தோளைத் தொட்டாள். "இது உங்க வூட்டுக் கதையில்ல?"

ராஜ்கமலின் அம்மா மங்கலம் வாசலைத் தாண்டி வெயிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குடை இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகாத அம்மாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா, "மங்கலத்துக்கு மல்லாட்ட வேவவைக்கக்கூடத் தெரியாதே," என்றாள்.

4 அக்டோபர்

ராஜ்கமலின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"யாரு கதையா இருந்தா என்னா அருளு? நம்ம தெருக் கதைதான. நீயா எலெக்சன்ல நிக்கப்போற?"

"கூடைய உதைச்சது யாருன்னு சொல்லலையே நீ."

அவன் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தான். "அப்பா செத்துப் போயிட்டாரு. அத ஏன் இப்ப எடுக்கற?"

தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. நான் அவன் மனசு நோகக்கூடாது என்று அந்த ஒரு இடத்தைத் தாண்டிப் போகும்போது, எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தான்?

வெளியே வரும்போது, "அடுத்த வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ் நீதான்," என்றான்.

8 அக்டோபர்

ஜான்சி சும்மா இருக்கவில்லை. டீக்கடையில் எதிர்க்கட்சிக்காரர்கள் அவனைப் பற்றிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்.

10 அக்டோபர், திங்கள்

காலையில் வேலையை விட்டேன். என் வீட்டுக்காரர் போனபிறகு எனக்கும் அம்மாவுக்கும் அந்தச் சம்பளம்தான். இருந்தாலும் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது பயமே இல்லை. அம்மாவிடம் சொன்னால் பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். நினைத்தேனே.

செம்மண்டலத்தில் இறங்கி நடந்து வருகிறேன். தெருமுனையில் பிரசார வேன். அதன்மேல் ராஜ்கமல், பக்கத்தில் அம்மா. கழுத்தில் கட்சித் துண்டு. மைக்கை அவன்தான் அவள் வாயருகே பிடித்திருந்தான்.

"மங்கலமும் நானும் சேந்துதான் வித்தோம். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்போம்."

கூட்டம் கை தட்டியது. அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். கண்ணை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் கேட்டேன். நான் கத்தவில்லை, அவள்தான் அழுதாள்.

"ராஜ்கமல் தம்பி வந்து சொன்னாருடி. ஊரே சிரிக்கிது, நான் தோத்துட்டன்னா அருள எப்பிடி ஸ்கூல்ல வெச்சிக்கிறதுன்னாரு. வேற என்னா பண்ணுவன் நான்? உன் வேலைக்காகத்தான்."

"வேலைய காலையிலயே உட்டுட்டம்மா."

அவள் அப்படியே அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் துண்டைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

அவனாவது திருடினான். நீ எடுத்துக் கொடுத்துட்டியேம்மா.

17 அக்டோபர்

ஓட்டுப் போட நான் போகவில்லை. அம்மா போனாள். யாருக்கு என்று கேட்கவில்லை.

21 அக்டோபர்

ஜெயித்துவிட்டான். எங்கள் வாசலிலும் வெடி வைத்தார்கள்.

8 ஜனவரி 2012

புயல் அடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் கரண்ட் வரவில்லை. பின்பக்கம் ஓடெல்லாம் போய்விட்டது. அன்று விடியற்காலை காற்று கதவைத் தள்ளியபோது நானும் அம்மாவும் முதுகைக் கொடுத்து நின்றோம். மாதக்கணக்கில் சோறு, தண்ணி தவிர ஒரு பேச்சும் கிடையாது. அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உதறவில்லை. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ராஜ்கமல் தார்ப்பாய் கொடுத்தனுப்பினான். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். மழை பெய்தால் எங்கே படுப்பது? வாங்கிக்கொள் என்றேன்.

26 பிப்ரவரி, ஞாயிறு

வீட்டிலேயே ட்யூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள், எப்படியோ ஓடுகிறது. அம்மாவோடு பழையபடி பேசுகிறேன் என்றுதான் தெருவில் நினைப்பார்கள்.

இன்று சாயங்காலம் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனேன். ஜான்சியின் மகள் சுவேதா கேட்கிறாள்: "ஆயா, கவுன்சிலர் அங்கிளோட அம்மாவும் நீங்களும் ஒன்னா கடை வெச்சிருந்தீங்களாமே?"

வேன் இல்லை, மைக் இல்லை, ராஜ்கமல் இல்லை. இல்லை என்று அம்மா சொல்வாள் என்று அடுப்பருகே காத்திருந்தேன்.

"ஆமாங்கண்ணு. தங்கமான பொம்பள மங்கலம். நான் சாப்புடப் போனா என் கூடையையும் அதுதான் பாத்துக்கும். வெயிலு ஏறிச்சின்னா கொடைய என் பக்கமா சாய்க்கும்."

தடங்கலே இல்லாமல் சொன்னாள். யாருக்காகவும் சொல்வதுபோல் இல்லை. நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது.

பால் பொங்கி வழிந்தது. நான் அடுப்பைப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம், எனக்கும் கண்ணில் தெரிந்தது. கேட் ஓரத்து வெயிலில், ஒரே குடைக்குக் கீழே, இரண்டு பேர்.