கையில் சுற்றியிருந்த செம்மஞ்சள் துணி

நோத்ர-டாம்-த-கிரேஸ்,
மொன்றியல்.
21.10.2007

அன்புள்ள மகன் ஆரூரன் அறிவது,

அப்பாவும் அம்மாவும் தங்கச்சியும் கடவுள் புண்ணியத்தில் நடமாடித் திரிகிறோம், போர்ட் மக்மரிக் குளிருக்குள் நீயும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். சொல்வது நான், எழுதுவது நிரோஜா. அவளுடைய கையெழுத்து நல்ல முத்து முத்தாக இருக்கிறது, ஊரில் நாலாம் வகுப்புவரை படித்ததை இன்னும் மறக்கவில்லை. ரெலிபோனில் பேசலாம்தானே என்று நீ கேட்பாய். தியாகலிங்கத்தின் பேரை எடுத்தவுடன் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, எப்பவோ ஒரு நாள் எடுத்து வாசிப்பாய் என்றுதான் இந்த ஏற்பாடு.

அம்மா முந்திய மாதிரித்தான் காலையில் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கப் போகிறா, பின்னேரம் கட்டிடம் துடைக்கப் போகிறா. முழங்கால் நோ என்று சொல்லிக்கொண்டே போகிறா. உனக்கு இரண்டு சோடி கம்பளிக் காலுறை வாங்கி வைத்திருக்கிறா, ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போடச் சொல்லச் சொன்னா. வீட்டுக்காரன் இன்னும் ஹீற்றரைத் திருத்தவில்லை. நிரோஜா திரும்பவும் பள்ளிக்கூடம் போகவில்லை. இதை எழுத வேண்டாம் என்று பேனையை நிறுத்தினாள், எழுது பிள்ளை என்றேன். போன மாரியில் எனக்குச் சட்டைப் பொத்தான் பூட்டவும் சோறு பிசையவும் ஆள் வேண்டும் என்று நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு இப்போது இடக்கையால் எல்லாம் ஓரளவு ஏலும், ஆனால் அவள் வகுப்பில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களாம், போகமாட்டாளாம். கடைக்காரனிடம் மிச்சக் காசைக் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை. அதுவும் என் கணக்கில்தான் வரும்.

மகன், இனி நான் சொல்லப்போவதை இருந்து வாசி. வேலைக்குப் போகிற அவசரத்தில் வாசிக்காதே.

போன வருஷம் கார்த்திகை மாதம் நானும் தியாகலிங்கமும் மான் வேட்டைக்குப் போனது உனக்குத் தெரியும். நாங்கள் கோப்பை கழுவின ரெஸ்ரோறன்ற் முதலாளியின் தமையனுக்கு ஆற்றுக்குத் தெற்கே தோட்டக்காணி இருந்தது, மான் வந்து எல்லாவற்றையும் தின்கிறது, வந்து சுடுங்கோ என்று கேட்டார். இரண்டு பேரும் வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சில் சோதனை எழுதினோம். அவன் முதல் தரமே பாஸ், நான் இரண்டாம் தரம். உனக்கு வலதும் தெரியாது இடதும் தெரியாது, மான்தான் பார்த்து வந்து நிற்கவேணும் மச்சான் என்று வருஷம் முழுக்கப் பகிடி பண்ணினான். அந்தப் பக்கம் வீடுகள் கிட்டக் கிட்ட, தூரம் பாய்கிற றைபிள் கொண்டு போகவில்லை. சொட்கன்தான், அதுவும் சிதறுகிற சன்னம் இல்லை, பெருவிரல் தடிப்பில் ஒற்றை ஈயக்குண்டு. ஐம்பது அறுபது அடிக்குள் வந்தால் அது பெரிய மானையும் நின்ற இடத்தில் விழுத்தும். அதனால் கிட்ட வரும்வரை பொறுத்திருக்க வேண்டும், வருவது என்ன என்று கண்ணால் கண்டபிறகுதான் விரலை வைக்க வேண்டும், மனிசர் என்று தூரத்திலேயே தெரிய எல்லாரும் செம்மஞ்சள் மேற்சட்டை போட்டிருக்க வேண்டும் என்று படிப்பித்தவர்கள். எங்கள் முறை என்னவென்றால், ஒருவர் பற்றைக்கு அந்தப் பக்கம் சுற்றிப்போய் மெல்ல மெல்ல நடந்து மானைக் கலைப்பது, மற்றவர் இந்தப் பக்கம் அசையாமல் காத்திருப்பது. அன்றைக்குக் கலைப்பது என்னுடைய முறை.

நான் பற்றைக்குள் நடந்து வரும்போது பக்கத்துக் காணியில் யாரோ வேட்டைக்காரர் இரண்டு வெடி வைத்தார்கள். மிகக் கிட்டக் கேட்டது. அந்த நேரம் நான் கியூபெக்கில் நிற்கவில்லை மகன். எங்கே நின்றேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீ பிள்ளையாக இருந்தாலும் அந்தச் சத்தம் உனக்கும் தெரியும். வெடி கேட்டால் நிறமாக எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது, நிலத்தோடு கிடக்க வேண்டும், எழும்பக்கூடாது. என் கை தன்பாட்டில் அந்தச் செம்மஞ்சள் சட்டையைக் கழற்றியது. சுருட்டி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டேன். கீழே மண்ணிற ஜாக்கெற். நாலு காலில் ஊர்ந்து, சருகு சரசரக்க, மான் வரவேண்டிய அதே வழியால் வெளியே வந்தேன். தியாகலிங்கம் முப்பது அடியில் காத்திருந்தான்.

நீ இவ்வளவு நாளும் நினைத்தது, அவன் செம்மஞ்சள் போட்டு நின்ற மனிசனைச் சுட்டான் என்று. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவன் ஓடிவந்து ஐயோ என்ரை அருமை, ஐயோ என்று கத்தினான். என் நெஞ்சுக்குள் இருந்த சட்டையை இழுத்தெடுத்து முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினான். அந்தக் கட்டுத்தான் என்னைக் காப்பாற்றியது என்று டொக்டர் சொன்னார். உத்தியோகத்தர்கள் வந்து பார்க்கும்போது துணி முழுக்க இரத்தமாக என் கையில் சுற்றியிருந்தது. இவர் இதைப் போட்டிருந்தவரோ என்று அவனைக் கேட்டார்கள். அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான் கண்ணை மூடவில்லை, எனக்கு நினைவு இருந்தது. பிறகு, ஓம், போட்டிருந்தவர் என்றான்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று நான் கேட்டதில்லை. கை போன மனிசன் மேல் பிழையையும் போடக்கூடாது என்று நினைத்திருப்பான். எனக்குத் தெரிந்த தியாகலிங்கம் அப்படித்தான். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் கேட்க வேண்டியது. முதலில் மருந்து மயக்கம். பிறகு வெட்கம். இருபது வருஷத்துக்கு முந்திய பயத்தில் ஒரு மனிசன் கனடாவில் சட்டையைக் கழற்றிப்போட்டு ஊர்ந்தான் என்று எப்படிச் சொல்வது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினொரு மாதம். அதற்குள் நீ ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று அவனுக்குப் போன் எடுத்து, மனுசனையும் மானையும் தெரியாத ஆளின் காலில் விழுந்து நான் கலியாணம் கட்டமாட்டன் என்று சொன்னாய். கதவு திறந்திருந்தது, எனக்குக் கேட்டது. அப்போதாவது எழும்பியிருக்க வேண்டும். நீயும் அவன் மகள் அஜந்தாவும் கலியாண எழுத்துக்குச் சொல்லியிருந்த நாள் சும்மா வந்து போனது. நீ அல்பேர்ட்டாவுக்குப் போனாய்.

அவன் ரெஸ்ரோறன்றை விட்டுவிட்டான். கோயிலுக்கு வருவதில்லை. பழைய பகை ஏதோ இருந்திருக்கும், அதுதான் என்று கதைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அம்மாவின் காதிலேயே வந்து சொன்னார்களாம். வருகிற மாதம் பதினைந்தாம் திகதி வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறானாம். போன கிழமை அருளப்பன் கடையில் என்னைக் கண்ட ஒருவர் சொன்னார், தியாகலிங்கத்தை ரோட்டில் கண்டால் அடையாளம் தெரியாது, அவ்வளவுக்கு மெலிவு என்று. அன்றைக்கு இரவு அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, நாளைக்கே பிள்ளையைக் கூப்பிட்டு எழுதுங்கோ என்று மட்டும் சொன்னா.

பதினைந்தாம் திகதி நான் போய்ச் சொல்வேன். என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். இதே கடிதத்தை நிரோஜா இன்னொரு தாளிலும் எழுதுகிறாள். அதை லவாலுக்குக் கொண்டுபோய் அவன் வீட்டில் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். நான் போனால் அவன் என் கையைத்தான் பார்ப்பான், கடிதத்தைக் கேட்கமாட்டான். பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது, ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. இப்போது மெட்ரோ அங்கே வரைக்கும் போகிறது, மாற வேண்டியதில்லை.

உன்னிடம் நான் கேட்பது, கோபத்தைப் பிடித்திருப்பதென்றால் என்னில் பிடி. அதற்கு நான் தகுதியானவன். அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லு. அஜந்தாவின் விஷயம் உங்கள் இரண்டு பேருடையது, அதில் நான் வாய் வைக்கமாட்டேன், உடைத்ததே நான்தான். ஏலுமென்றால் வழக்குக்கு வா. என் பக்கத்தில் இருக்க வேண்டாம், அவர்கள் பக்கத்தில் இரு.

உடம்பைப் பார். நேரத்துக்குச் சாப்பிடு, ரின்னில் அடைத்த சாப்பாட்டைக் குறை. வெளியே வேலை என்றால் காது மூடு. நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நல்லாய் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறோம். அம்மா இன்னொரு தரம் காலுறையை ஞாபகப்படுத்தச் சொல்கிறா. கீழே இருப்பது நானே இடக்கையால் வைத்த ஒப்பம், சிரிக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
சி. அருமைராசா

அண்ணை, இது நான், நிரோஜா. அப்பா சொன்னதில் ஒரு சொல்லும் மாற்றவில்லை. கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன், நேற்று லவாலுக்குப் போய் வந்தபிறகு இதை எழுதுகிறேன். தியாகு மாமா வீட்டு வாசலில் கன நேரம் நின்றேன். அஜந்தா அக்காதான் கதவைத் திறந்தா. மாமா கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டார். வாசித்து முடிய, கொப்பா ஏன் பிள்ளை இதையெல்லாம் எழுதிக்கொண்டு, சட்டை போட்டிருந்தாலும் போடாட்டியும் நான் கண்டிட்டெல்லோ சுட்டிருக்க வேணும், நான் காணேல்லை, சருகுச் சத்தத்துக்குத்தான் சுட்டனான் என்றார். நான் எழும்பும்போது, அருமைக்குக் குளிர் தொடங்க அந்தக் கை நோகுதோ என்று கேட்டார். ஓம் மாமா, இல்லாத விரல்தான் நோகுதாம் என்று சொன்னேன். அவர் தன்னுடைய வலக்கையை மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அக்கா என்னோடு மெட்ரோ வரைக்கும் வந்தா. உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுடைய போன் நம்பர் மாறவில்லை அண்ணை.