முருங்கனிலிருந்து நடந்தாலும் நேர்த்திதான்

உன் கம்பளியை இன்று காலை துவைத்துக் காயப்போட்டேன். நனைந்ததும் குதிரை வியர்வை நாற்றம் கிளம்பி முற்றம் முழுக்கப் பரவியது. எத்தனை தரம் துவைத்தாலும் அது போகிறதில்லை. நேற்றைய கூட்டத்தின் கோபம் ஆறாமல் நின்ற எனக்கு அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

நேற்றுப் பின்னேரம் பங்கு மண்டபத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் கூடினோம். விஷயம் பழைய விஷயந்தான். தலைமன்னாரில் தொடங்கி, பாலம் கடந்து, உயிலங்குளம்வரை குதிரையோட்டி முடிப்பவர்களின் பெயரை மட்டுமே இதுவரை மண்டபத்துப் பலகையில் எழுதினோம். எருக்கலம்பிட்டிக் கிணற்றடியோடு நிற்கும் குறுந்தூரக்காரருக்குக் கைதட்டலும் ஒரு சோடாவுந்தான். அதுவும் தாங்குதிறன் ஓட்டந்தானா, அவர்களின் பெயரும் பலகையில் ஏறலாமா என்று முடிவெடுக்கக் கூடியிருந்தோம்.

உயிரோடு இருந்தவரை இதற்கு உன்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. "மடுவுக்கு நடக்கிறேன்னு நேந்துகிட்டு பாதி வழியில முருங்கனோட திரும்பிட்டா அது நேர்த்தியாடி?" என்பாய். சைவக்காரி நீ, வேதக்காரியான எனக்கு மடு மாதா கோயிலைப் பற்றிப் படிப்பிப்பாய். நானும் விடமாட்டேன். "முருங்கனில இருக்கிற மனுசி அங்கயிருந்துதான் நடப்பா. அவ வந்தா மாதா வேண்டாமெண்டு திருப்பி அனுப்புவாவோ?" என்று கேட்பேன். நீ சிரிப்பாயே தவிர ஒத்துக்கொள்ள மாட்டாய். பிடித்த முயலுக்கு மூன்று கால்தான் உனக்கு.

நான் தூரத்தைப் பெரிதாக நினைத்ததில்லை. மிருக வைத்தியருக்கு உதவியாக நிற்கிறவள் நான். குதிரையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பது என் வேலை. ஓடி வந்து நின்ற குதிரையின் துடிப்பு, கொடுத்த நேரத்துக்குள் தணிய வேண்டும். தணியாவிட்டால் முதலாவதாக வந்த குதிரையும் தோற்றதுதான். நெடுந்தூரத்துக்கும் குறுந்தூரத்துக்கும் இந்த விதி ஒன்றே.

இதே விதிதான் அன்று உன்னை மறித்தது. உன் அப்பா நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். உங்கள் குடும்பம் உயிலங்குளத்துக்கு வந்து வயலில் இறங்கிய பிறகும் உனக்குக் குதிரை ஆசை விடவில்லை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெண்குதிரை சிவப்பியை மலையிலிருந்து லொறியில் ஏற்றி வந்தாய். "மன்னாரில இருக்கிற கழுதை காணாதெண்டு இவ குதிரை கொண்டு வாறா" என்று சந்தையில் பகிடி பண்ணினார்கள். கடற்கரை மணலில் அவளைப் பழக்கி எடுத்து அவர்கள் வாயை அடைத்தாய்.

சிவப்பியோடு நீ உயிலங்குளம் போகப் புறப்பட்ட அந்த ஓட்டத்தில், இடைவழிச் சோதனை நடக்கும் கிணற்றடிக்கு முதலாவதாக வந்தவள் நீதான். துளி காற்று இல்லை, மணல் கொதித்தது. குழாயை எடுத்துக்கொண்டு நான் வருவதற்குள் இந்தக் கம்பளியைச் சிவப்பிக்குப் போர்த்திவிட்டாய்.

"என்னடி செய்யிறாய்? எடு அதை!" என்று கத்தினேன்.

"ஓடி வந்த குதிரைய சும்மா விட்டா சளி புடிக்கும். அப்பா எப்பவும் போத்திதான் விடுவாரு."

"இது நுவரெலியா இல்லையடி. இஞ்ச குளிர் எங்க கிடக்கு?"

நீ கேட்கவில்லை. என் காதுக்குள் சிவப்பியின் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. நீ பயந்துபோய்க் கம்பளியை இழுத்து எறிந்தபோது நேரம் முடிந்துவிட்டது. வைத்தியர் என்னைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். "எறங்கிருச்சின்னு சொல்லுடி" என்று மெல்லக் கேட்டாய். "இறங்கேல்லை" என்றேன். நீ கிணற்றுக்குப் பின்னால் போனாய். அடுத்த மாரியில் எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று உன் தங்கச்சி எழும்பிக் கேட்டாள். குறுந்தூரத்தைச் சேர்ப்பதானால், அக்காவும் கிணற்றடிவரை வந்தவள்தானே, அவள் பெயரையும் எழுதுங்கள் என்றாள். சபை இளகிவிட்டது. பலர் தலையாட்டினார்கள். தலைவர் மட்டும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அதுவரை குறுந்தூரத்துக்காக வாதாடிய என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, குறுந்தூரத்துக்காக நீங்கள் இவ்வளவு கதைச்சது இதுக்குத்தானோ? பாசத்துக்குப் பேர் எழுதிறதெண்டால் அதுக்கு ஓட்டம் எதுக்கு?"

நான் எழும்பினேன். ஓம் என்று இருந்துவிட்டால் உன் பெயர் ஏறும். ஆனால் குறுந்தூரம் என்றால் இரக்கத்துக்குக் கொடுப்பது என்று காலமெல்லாம் சொல்வார்கள். எருக்கலம்பிட்டிப் பிள்ளை ஒருத்தி தன் மட்டக்குதிரையை அதே வெயிலில் ஓட்டி வந்து, நிழலில் கட்டி, தண்ணீர் ஊற்றி, நேரத்துக்குள் தணியவைத்தவள். அவள் ஓட்டமும் இரக்கத்துக்குக் கிடைத்ததாகிவிடும்.

"குறுந்தூரத்தைக் கணக்கில எடுங்கோ," என்றேன். "நேரத்துக்குள்ள துடிப்புத் தணிஞ்ச எல்லாற்ற பேரையும் எழுதுங்கோ. என்ர சிநேகிதியின்ர பேரை எழுதாதேங்கோ. சிவப்பிக்குத் தணியேல்லை. கேட்டவள் நான்."

தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். பிறகு கைகள் உயர்ந்தன. கடைசியாகத் தலைவரும் கையை உயர்த்தினார். குறுந்தூரம் பலகையில் ஏறிவிட்டது.

வாசலில் உன் தங்கச்சி என்னை மறித்தாள். "செத்தவ பேர எழுதுனா ஒங்களுக்கு என்னாக்கா கொறஞ்சிரும்?" என்றாள்.  அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். நீ இருந்தாலும் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை உனக்கு நான் சொல்லவேயில்லை. அன்று நீ கிணற்றுக்குப் பின்னால் போனபோது வைத்தியர் அடுத்த குதிரையிடம் போய்விட்டார். நான் போகவில்லை. வாளியில் தண்ணீரை அள்ளி அள்ளிச் சிவப்பியின் கழுத்தில் ஊற்றினேன். ஊற்றிவிட்டுக் குழாயை வைத்துக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, கடைசியில் ஓடாமல் நிற்கிற குதிரையின் நெஞ்சைப்போல அமைதியாக அடித்தது. உயிலங்குளம்வரை போயிருப்பாளடி. நேரம் கடந்து தணிந்த துடிப்பை எந்தப் பலகையிலும் எழுத மாட்டார்கள். அது என் காதுக்குள் மட்டுந்தான் கிடக்கிறது.