காற்றைக் கூட்டிய கை

இன்று காலை விளாங்குடியில் மகளோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். சிலிண்டர் லாரி ஒன்று வேகத்தடையில் ஏறி இறங்கியது. இரும்போடு இரும்பு இடித்த சத்தம் கேட்டதும் அவள் முகத்தைத் திருப்பி, "அம்மா, அப்பா வண்டி" என்றாள். பன்னிரண்டு வயதாகிறது, ஒரு லாரியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. நீங்கள் தவறிப்போய் இரண்டு வருடமானது தெரிந்தேதான் சொன்னாள்.

கப்பலூரில் ஆக்சிஜன் நிரப்பும் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். ஏழாம் மாதமே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கையளவு கிடந்தவளைப் பார்க்க, வேலைச் சட்டையோடு ஓடிவந்தீர்கள். பக்கத்தில் நின்றது உங்கள் கம்பெனி சிலிண்டர். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைக் கண்டதுபோல அதைத் தட்டிக்கொடுத்தீர்கள். நர்ஸ் அளவைக் குறைத்து வைத்திருந்தது உங்களுக்குப் பொறுக்கவில்லை. "நம்ம காத்துதான, இம்புட்டுக்காண்டு விட்டா புள்ளைக்கு எப்புடிப் பத்தும்?" என்று, அவர் அந்தப் பக்கம் போனதும் குமிழைத் திருப்பிவிட்டீர்கள்.

கண் டாக்டர் பிறகு பொறுமையாகத்தான் விளக்கினார். உயிரைக் காக்கும் ஆக்சிஜனே கூடினால் உடம்பை அரிக்குமாம். அதைத் தடுக்கும் நொதிகள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் போதுமான அளவு ஊறுமாம். அவை வருமுன்னே இவள் வந்துவிட்டாள். வளர்ந்து முடியாத விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாகக் கிளம்பி, திரையையே இழுத்துப் பிய்த்துவிட்டன. லேசர் வைத்தும் நிற்கவில்லை. இத்தனை சின்னப் பிள்ளைக்கு அளவாகக் கொடுத்தாலும் இப்படி ஆகலாம், எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அது உங்கள் காதில் ஏறவே இல்லை.

அதற்குப் பிறகு அவளைத் தூக்குமுன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். நான் கேலி செய்வதுபோல ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ள கண்ண நானே அவிச்சுப்புட்டேன்டி" என்றீர்கள். நெற்றியைத் தடவிக்கொடுத்தேன்.

இப்போது சொல்கிறேன். அன்று நீங்கள் படியிறங்குமுன்பே நர்ஸ் வந்து பழைய அளவுக்குக் குறைத்து, என்னைத் திட்டிவிட்டும் போனார். ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது என்று உங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பால் கொண்டுபோன போதெல்லாம், அவள் நெஞ்சுக்குழி உள்வாங்குவதைத் தாங்க முடியாமல், ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கூட்டி வைத்தது நான். கிளம்பும்போது குறைக்க நினைப்பேன், மனசு வராது.

பத்து வருடத்தில் ஒரு நாள் சொல்லியிருந்தால் நீங்கள் நிம்மதியாகப் போயிருப்பீர்கள். அவளை என்னிடம் விடமாட்டீர்களோ என்று பயந்தேன். இனி யாரிடம் சொல்லியும் பிரயோசனமில்லை.

பஸ் வந்தது. வழக்கம்போல அவள் என் வலது கையைத் தேடி இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினாள். குமிழைத் திருப்பியதும் அந்தக் கைதான்.