விழுமியம்

1980 ஏப்ரல் 24, கச்சிராயபாளையம்

சட்டமன்றத் தேர்தலுக்குச் சீட்டு கேட்டவர்கள் ஏழு பேர். நானும் ஒருவன். கிடைத்தது தர்மனுக்கு. மலைக்காரன். பத்தாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதியவன்.

"மல ஓட்டு மொத்தமும் அவனுக்குத்தான். நீ எம்.ஏ. படிச்சவன், பேச்சு எழுதிக் குடு தம்பி" என்றார் மாவட்டச் செயலாளர் தெய்வசிகாமணி.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஏப்ரல் 27

அம்மா: "தர்மன் ஜீப்புல வந்துட்டுப் போனான். 'எம்மே சாப்ட்டானா'ன்னு கேட்டான்." எம்மே — அவன் எனக்கு வைத்த பெயர். நான் எம்.ஏ.வில் முதல் வகுப்பில் தேறிய அன்றுகூட அம்மா முகம் இப்படி மலரவில்லை.

மே 6

நாளை கரியாலூரில் கூட்டம். தர்மனுக்கு 'ழ' வராது. மழை அவன் வாயில் மளைதான். பேச்சின் முதல் வரியிலேயே 'விழுமியம்' என்று எழுதினேன். வேறு எளிய சொல் இருந்தது. தெரிந்தேதான் எழுதினேன்.

அடித்துவிடலாமா என்று பேனாவைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

மே 7

இடறினான். "விலுமி... விளுமி..." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"நம்ம எம்மே எழுதிக் குடுத்தான். வாயில நொளையல. இதுல விளப்போறது நானா, எதுர்ல நிக்கிறவரான்னு நீங்களே சொல்லிடுங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு அவன் அக்கா செங்கம்மாளைப் பற்றிப் பேசினான். பிரசவ வலியோடு டோலி கட்டித் தூக்கிவந்தது. ரோடு தெரிந்த இடத்தில் உயிர் போனது.

இதை என்னால் எழுதியிருக்க முடியாது.

ஜூன் 1

ஜெயித்துவிட்டான். மாலை போட வரிசையில் நின்றேன். ஒன்பதாவது ஆள்.

ஆகஸ்ட் 12

பேப்பரில் அவன் சட்டசபைப் பேச்சு. "மலைக்கு ரோடு சலுகை அல்ல, ஓர் அரசின் விழுமியம்."

என் வாக்கியம். கரியாலூர்த் தாளில் இருந்தது. மடித்தவன் தூக்கி எறியவில்லை.

ஆகஸ்ட் 17

வீட்டுக்கு வந்தான்.

"அந்த வார்த்தைய வேணும்னுதான வச்ச?"

"ஆமாம்."

"அன்னிக்கே தெரியும்டா. மூணு மாசமா குளிக்கிறப்பல்லாம் சொல்லிப் பாத்துக்கினு இருந்தேன். கேளு."

சொன்னான். சுத்தமாக. என்னைவிடச் சுத்தமாக.

"மளை வர்ற மாதிரி இருக்குது, வர்றேன்" என்று ஜீப்பில் ஏறினான்.

மழை. அந்த ஒரு சொல்தான் என்னிடம் மிச்சம் இருந்தது.