நீலத் தலைத்துணி

குட்டு, மஸ்விங்கோ மாகாணம்
ஜூன் 11, 2023

அன்புள்ள ஜெனரோசா,

நீயும் உன் கணவர் டவுராயும் குழந்தையும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் தலைத்துணியும் பத்திரமாக இருக்கிறது.

போனில் என் எண்ணை நீ பிளாக் செய்து இன்றோடு இருபத்து மூன்று நாள். அதனால்தான் தாளும் பேனாவும். நம் அறிவியல் வாத்தியார் மனைவி வருகிற செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறாள். அவளும் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்து வேலைக்குத்தான். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். அந்த நாட்டுக்காரர்கள் கதவைத் திறந்ததிலிருந்து நமக்குத் தபால்காரரே தேவையில்லை, மாதத்துக்கு ஒருவர் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் சாவு வீட்டுச் செய்தி. உன் அப்பாவை நல்லபடியாக அனுப்பி வைத்தோம். நீ அனுப்பிய பணத்தில் மாடு வாங்கினோம். முந்நூறு பேர் சட்ஸாக் களியும் கறியும் சாப்பிட்டார்கள். முட்டைக்கோஸில் உப்பு அதிகம் என்று முகத்தைச் சுளித்தவர்கள்தான் மூன்று தட்டு வாங்கினார்கள். நீ போட்டுக் கொடுத்த புதுக் கூரையின் கீழேதான் சவப்பெட்டி இருந்தது. நீ செய்வித்த கண் ஆபரேஷனால் கடைசி வரைக்கும் தன் பைபிளைத் தானே படித்தார். இதெல்லாம் உன் உழைப்பு. இல்லை என்று சொன்னவர்களின் வாயை நானே அடைத்திருக்கிறேன்.

ஆனால் அவர் பேசியதையும் உனக்குச் சொல்ல வேண்டும். வேலைக்கு வைத்த பெண் அவரைக் குளிப்பாட்டும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுச் சொல்வார்: "அங்க யாரோ ஒரு வெள்ளைக்காரக் கெழவனை என் பொண்ணு குளிப்பாட்டறா. இங்க என்னை யாரோ பெத்த பொண்ணு குளிப்பாட்டறா. ரெண்டு கெழவனுங்களையும் இடம் மாத்தி உக்கார வெச்சா எல்லாருக்கும் பஸ் சார்ஜ் மிச்சம்டி." சொல்லிவிட்டுச் சிரிப்பார். அப்புறம் கொஞ்ச நேரம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறையாகச் சஹ்விரா. உங்கள் வீட்டில் சாவு விழுந்தால் நீங்கள் அழ வேண்டும், நாங்கள் கேலி பேச வேண்டும். செத்தவரின் துணியை உடுத்தி, அவரைப் போலவே நடந்து பேசி, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் விழுந்தால் அதே வேலை உங்களுக்கு. என் அம்மா செத்தபோது நீ அவளைப் போலவே மூக்குப்பொடி போட்டுத் தும்மியதை ஊர் இன்னும் சொல்கிறது.

உன் அப்பாவை நான் நன்றாகவே நடித்துக் காட்டினேன். அவருடைய பஸ் டிரைவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பியைச் சரித்து, கவிழ்த்த உரலில் உட்கார்ந்து, பானை மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்து, "ஏறினா ஏறு, இல்லேன்னா நட! ஹராரே என்ன உன் மாமியார் வீடா, உனக்காகக் காத்துக்கிட்டு இருக்க?" என்று கத்தினேன். பாதிரியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உன் அண்ணி வீடியோ கால் போட்டுப் பிடித்திருந்த போனில் நீயும் அழுகையோடு சிரித்தது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், "ஜெனரோசா இருந்திருந்தா இந்நேரம் எப்படி விழுந்து புரண்டிருப்பா!" என் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. போகும்போது நீ என்னிடம் விட்டுப்போன நீலத் தலைத்துணி என் தோளில் இருந்தது. அதைத் தலையில் கட்டினேன். வகுப்பில் நீ செய்வதுபோல் காதில் சாக்பீஸ் செருகியிருப்பதாக விரலை வைத்துக்கொண்டு, உன் வேக நடையில், "அப்பா, என்னை விட்டுட்டுப் பஸ்ஸை எடுத்துட்டீங்களே!" என்று அழுதுகொண்டே பெட்டியை நோக்கி ஓடினேன். நாலு அடி வரைக்கும் சிரிப்பு. ஐந்தாவது அடியில் மொத்த முற்றமும் அடங்கிவிட்டது. உன் அத்தை எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்: "அடி பாவி, செத்தவங்களைத்தான்டி நடிக்கணும்! அவ உசிரோடதானே இருக்கா? யாரைக் குழிக்கு அனுப்பற நீ?"

நான் திரும்பிப் பார்த்தேன். போனில் உன் முகம் இல்லை.

இறந்தவரை மட்டும்தான் நடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? இந்த வேலையைப் பத்தொன்பது வருடமாகச் செய்கிறவள் நான். உன் சாவை நான் நினைக்கவே இல்லை, ஜெனரோசா. அந்தக் கூட்டத்தில் எல்லாரும் இருந்தார்கள், நீ மட்டும் இல்லை. உன் மேலாளர் விடுப்பு தரவில்லை, விசா நீ வேலை செய்யும் அந்த ஒரே முதியோர் இல்லத்தின் பெயரில் இருக்கிறது, வேலையை விட்டு வந்தால் திரும்ப முடியாது. எல்லாம் அறிவேன். இருந்தாலும் உன் நடையை ஒரு முறை அந்த முற்றத்தில் பார்க்க ஆசைப்பட்டுவிட்டேன். வேறு வழி தெரியாமல் நானே நடந்தேன். தப்புதான். என்னை மன்னித்துவிடு.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கேள். பதினாறு பேர் இருந்த ஆசிரியர் அறையில் ஏழு நாற்காலி காலி. உன் கணக்கு வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். வரலாற்றுக்காரி கணக்கு எடுத்தால் எப்படியிருக்கும்? "மேடம், இந்த எக்ஸ் எந்த வருஷம் செத்தாரு?" என்று நக்கல் செய்கிறார்கள் பிள்ளைகள். பெரியவர்களானால் என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டேன். முன்பெல்லாம் டாக்டர், பைலட் என்பார்கள். இப்போது பாதி வகுப்பு, "இங்கிலாந்துல கெழவங்களைப் பாத்துக்கப் போறோம் மேடம்" என்கிறது. அங்கே போனவர்கள் அனுப்பும் பணத்தில் அதே பிள்ளைகளின் காலில் நல்ல செருப்பு இருக்கிறது, மதியச் சாப்பாட்டில் முட்டை இருக்கிறது. நான் யாரைத் திட்டுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறைத்து வைக்க மனம் வரவில்லை. போன வருடம் மஸ்விங்கோவில் நானும் அந்த முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்தேன் அல்லவா? இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து எனக்கும் வேலைக் கடிதம் வந்திருக்கிறது. முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். உன் ஊரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வந்து உன் சமையலைக் குறை சொல்லலாம் என்று நினைத்தாலே நெஞ்சு பொங்குகிறது.

சாவு வீட்டுக்குப் பிறகு என்னோடு பேசாமல் இருந்த உன் அத்தை, இதைக் கேள்விப்பட்டு நேற்று வீடு தேடி வந்தாள். வறுத்த வேர்க்கடலை ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். பாதியை அவளே தின்றாள். பிறகு கேட்டாள், "நீயும் போயிட்டா, நான் பெட்டில படுத்திருக்கறப்போ என்னை மாதிரி நடந்து காட்ட யாருடி இருக்கா?" அந்தத் தலைத்துணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டாள். உடையவள் உயிரோடு வந்து, ஊர் பார்க்க, தன் கையால் என் தலையிலிருந்து பிடுங்கினால்தான் அந்தக் குற்றம் கழியுமாம். அதுவரை துவைக்கவும் கூடாதாம். கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. உன் எண்ணெய் வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அந்தக் கடற்கரைக்காரர்களுக்கு நான் இன்னும் எழுதவில்லை. முதலில் உன் பதில் வேண்டும். "வா" என்று எழுது, அல்லது "இரு" என்று எழுது. இரண்டும் முடியாவிட்டால் சஹ்விராவின் உரிமையோடு நாலு பக்கம் திட்டி எழுது. திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே.

கடவுள் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாற்றட்டும். நீ குளிப்பாட்டும் அந்தக் கிழவருக்கும் நல்ல சாவு கிடைக்கட்டும், பாவம், அவர் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ. உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு தடவையாவது வந்துவிட்டுப் போ, ஜெனரோசா. நான் செத்தால் என் வாத்து நடையை நடந்து காட்ட உன்னை விட்டால் யாருக்குத் தெரியும்?

உன் சஹ்விரா,
ஷுவாய்