இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவள்

சேரம்பாடி
10.08.2021

அன்புள்ள ஸ்டெபிக்கு,

நான் நலம். காந்தலில் நீயும் வீட்டாரும் நலம்தானே? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. இருக்கிற டேட்டா வகுப்புக்கே பத்தவில்லை. எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்குத் தடங்கல் இல்லாமல் வருவது தபால்காரர் ஒச்சப்பன் அண்ணன் மட்டும்தான்.

செப்டம்பரில் பள்ளி திறக்கிறார்களாம், ஹாஸ்டல் மட்டும் இந்த வருஷம் கிடையாதாம். ஆன்லைன் வகுப்பையும் நிறுத்திவிட்டால் நான் டி.சி. வாங்க வேண்டியதுதான். இங்கிருந்து ஊட்டிக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போக முடியுமா, நீயே சொல். நல்லவேளையாக, பெற்றோர் முன்னால் ஆன்லைனிலேயே ஒரு விவாதம் வைத்து, இரண்டு பக்கமும் கேட்ட பிறகே முடிவெடுப்பேன் என்கிறார் தலைமையாசிரியை. 'ஆன்லைன் வகுப்பு தொடர வேண்டும்' அணியில் நீயும் நானும். பேர் கொடுத்துவிட்டாய்தானே?

விவாதம் பற்றி என் எண்ணம் உனக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் அது சண்டை. எதிராளி பக்கம் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டும். அதனால் நம் பக்கத்து ஓட்டைகளை மறைக்காமல் எழுதுகிறேன். உன்னைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் கிடைக்கிறது. மழை வந்தால் ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், எழுதுவதற்குக் கை கிடையாது. வழியில் யானை நிற்கிறது என்று சொன்னால் வகுப்பாசிரியர் கீர்த்திவாசன் சார் நம்புவதே இல்லை. ஜூனிலிருந்து கணக்கில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கு இடுப்பு வலி அதிகமாக இருந்த ஒரு வாரம், மேட்டில் நின்று வகுப்பில் சேர்ந்து பேர் பதிந்ததும், போனைப் பையில் போட்டுக்கொண்டு அவளோடு கொழுந்து எடுக்கப் போனேன். அந்த வாரம் முழுக்க எனக்கு அட்டெண்டன்ஸ் விழுந்தது.

எதிரணி இதையெல்லாம் கிளறும். பதில் யோசித்து வை. என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான். அரைகுறையாகவாவது எனக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

உன்
வனி

*

காந்தல், ஊட்டி
17.08.2021

என் செல்ல வனிக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். என்ன எழுத்துடி உனக்கு. உனக்கு வர்க்கி வாங்கி அனுப்ப ஆசைதான். சேரம்பாடி வருவதற்குள் தூளாகிவிடும்.

எனக்கு இங்கே பைத்தியம் பிடிக்கிறது. காலையிலிருந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கண் எரிகிறது. தம்பி ஒரு அறையில் கத்துகிறான், அப்பா இன்னொரு அறையில் மீட்டிங்கில் கத்துகிறார். முகம் பார்த்துப் பேச ஆளில்லை. பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டால் போதும் என்றிருக்கிறது.

விவாதத்துக்கு யார் எந்தப் பக்கம் என்று சார் இன்னும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார். நீ கவலைப்படாதே. நீ எழுதியது எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஆயிரம் முத்தங்களுடன்,
ஸ்டெபி

*

சேரம்பாடி
29.08.2021

ஸ்டெபி,

நேற்று அம்மா அரை நாள் லீவு போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, நான் பேசுவதைக் கேட்கத் தொட்டி மேட்டுக்கு வந்திருந்தாள். திரையில் நீ வந்ததும், "இதுதான் ஒன் கூட்டாளியா? லட்சணமா இருக்காளே" என்றாள்.

பிறகு நீ பேசினாய். எதிரணியில்.

"எங்கள் வகுப்பில் ஓர் எஸ்டேட் மாணவி, பாடம் நடக்கும்போது அம்மாவோடு கொழுந்து எடுக்கிறாள். அவளுக்கு அட்டெண்டன்ஸும் போடுகிறார்கள். இதுதான் கல்வியா?" என்று கேட்டாய். திரை முழுக்கக் கைதட்டல் பொம்மைகள். நம் வகுப்பில் என்னை விட்டால் எஸ்டேட் பிள்ளை யார் இருக்கிறார்கள்?

என் முறை வந்தபோது, சிக்னல் இல்லை என்று எழுதிவிட்டு வெளியே வந்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அம்மா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வரும்போது கேட்டாள்: "கொழுந்து எடுக்க வான்னு நான் ஒன்னக் கூப்புடலயே புள்ள. நீயாத்தான வந்த? என்னாலதான் ஒம் படிப்பு கெட்டுப்போச்சுன்னு அந்தப் புள்ள சொல்லுதா?"

ஏன் இப்படிச் செய்தாய்?

வனிதா

*

காந்தல், ஊட்டி
04.09.2021

அன்பு வனிக்கு,

கோபப்படாமல் படி. எதிரணியில் பேச ஆளில்லை என்று சார் கேட்டார். எனக்கும் பள்ளிக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. இரண்டு பக்கமும் திறந்த மனதோடு பார்க்க வேண்டும் என்று சொன்னதே நீதான். உன் பேரை நான் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. கணக்கு புரியவில்லை என்று நீயே எழுதியிருந்தாய். உன் நல்லதையும் நினைத்துத்தான் பேசினேன்.

முன்னாலேயே சொல்லத்தான் நினைத்தேன். சொன்னால் நீ பதில் தயார் செய்துகொண்டு வந்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன். விவாதம் வேறு, நட்பு வேறு இல்லையா?

தலைமையாசிரியை ஆன்லைன் வகுப்பை நிறுத்தியது தெரிந்திருக்கும். நீ இல்லாமல் வகுப்பு நன்றாகவே இல்லை. உன் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை.

என்றும் உன்
ஸ்டெபி

*

சேரம்பாடி
20.09.2021

ஸ்டெபிக்கு,

ஒன்பதாம் தேதி அம்மாவும் நானும் ஊட்டிக்கு வந்து டி.சி. வாங்கினோம். மாடி ஜன்னலில் நீ நின்றாய். என்னைப் பார்த்தாய். கேட் வரை நான் மெதுவாகத்தான் நடந்தேன். நீ இறங்கி வரவில்லை.

நீ பக்கம் மாறியது எனக்குக் குறையில்லை. பள்ளி திறக்க வேண்டும் என்று தோன்றினால் அதை என்னிடமே சொல்லியிருக்கலாம். நான் காது கொடுத்துக் கேட்டிருப்பேன், ஒத்துக்கொண்டுகூட இருப்பேன். உன் கண் எரிச்சலைச் சொல்லி வாதாடியிருக்கலாம், உன் வீட்டுச் சத்தத்தைச் சொல்லியிருக்கலாம். உன் வீட்டுக் கதவை அடைத்துவிட்டு என் வீட்டைத் திறந்து காட்டினாய். நடுவராக நான் இருந்திருந்தால் பரிசை உனக்குத்தான் கொடுத்திருப்பேன், அவ்வளவு நன்றாகப் பேசினாய். என்னை ஏமாற்றியதும் அதே பேச்சுதான்.

அம்மா இப்போதெல்லாம் இடுப்பு வலி என்று என்னிடம் சொல்வதே இல்லை. இதற்கு உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

பந்தலூரில் சேர்ந்துவிட்டேன். வந்த வாரமே விவாதத்துக்குப் பேர் கேட்டார்கள், கொடுத்தேன். என் அணியில் சுமலதா என்று ஒருத்தி, நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். "நம்ம பக்கம் என்ன ஓட்டை இருக்குன்னு மொதல்ல நாம பாத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

நம் பக்கம் ஓட்டையே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

க. வனிதா